காவிரிக்கு இட்ட குங்குமம்

நான் போய் இறங்கியதால்தான் அது பன்னாட்டுக் கருத்தரங்கு ஆனது. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பதாகையில் ‘பன்னாட்டு’ என்று அச்சடித்துவிட்டார்கள். வருவதாகச் சொன்ன வெளிநாட்டு விஞ்ஞானிகளோ ஒருவர் பின் ஒருவராகக் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் ஈப்போவில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்துக் காலத்தை ஓட்டும் எனக்குத் திருச்சியிலிருந்து போன் வந்தது. மேடையில் தமிழில் பேசுவதை அப்போதைக்கப்போதே ஆங்கிலத்தில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார் ஒருங்கிணைப்பாளர். மலேசியப் பாஸ்போர்ட்தானே என்று முதலில் கேட்டார். என் பெயரை அப்புறம்தான் கேட்டார்.

தலைப்பு, ‘நாட்டு நலனில் வேதியுணரி, உயிருணரி ஆராய்ச்சியின் பங்கு’. வேதியுணரி என்றால் காற்றிலோ தண்ணீரிலோ கலந்திருக்கும் ரசாயனத்தை மோப்பம் பிடித்துச் சொல்லும் சின்னக் கருவி. அதே வேலைக்கு ஒரு நொதியையோ நுண்ணுயிரையோ உள்ளே குடிவைத்தால் அது உயிருணரி. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அனுப்பி வைத்த கட்டுரைகளைப் படித்து முடிப்பதற்குள் மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

முதல் நாள் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் பொங்கல். நெய் இலையைத் தாண்டி ஓடப் பார்த்தது. ஈப்போவில் இப்படி ஒரு பொங்கல் கிடைத்தால் நான் ஊரை விட்டே கிளம்பமாட்டேன். தண்ணீர் விஷயம்தான் வேடிக்கை. எங்கள் ஊர்க் கடைகளில் தண்ணீருக்கும் காசு வாங்கிவிடுவார்கள். இங்கே உட்காருவதற்கு முன்பே டம்ளர் நிறையக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள், இலவசமாக. ஆனால் என் மேசையில் யாரும் அதைக் குடிக்கவில்லை. இலையில் தெளித்துத் துடைத்துவிட்டு, குடிப்பதற்கு ஆளுக்கொரு பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தார்கள். நானும் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

ஆட்டோக்காரரிடம் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வேறொரு கல்லூரியில் கொண்டுபோய் இறக்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது, திருச்சியைச் சுற்றி வயலை விடக் கல்லூரிதான் அதிகமோ என்று சந்தேகப்படும் அளவுக்கு இருக்கிறது. அங்கேயும் ஒரு கருத்தரங்கு. அங்கேயும் வெளிநாட்டு விருந்தினருக்காக வாசலில் ஆள் நிறுத்தியிருந்தார்கள். சால்வை போர்த்தி, இளநீர் கொடுத்து, முதல் வரிசையில் உட்கார வைத்த பிறகுதான் அது கான்கிரீட் பற்றிய கருத்தரங்கு என்று தெரிந்தது. சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன். போர்த்தியதைத் திரும்ப வாங்குவது மரியாதை இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அந்தச் சால்வையோடுதான் என் கருத்தரங்குக்குப் போய்ச் சேர்ந்தேன், அங்கே அதன்மேல் இன்னொன்று போர்த்தினார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. விவசாயிகளையும் மகளிர் குழுப் பெண்களையும் வேனில் ஏற்றிவந்து நாற்காலிகளை நிரப்பியிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் செயல்விளக்கங்கள் தமிழில் நடக்கும். முன்வரிசையில் டெல்லியிலிருந்து வந்த குழு. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதும் கருவிக்கு அங்கீகாரம் கொடுப்பதும் அவர்கள் கையில். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அதனால் என் குரல்தான் அவர்களுக்குத் தமிழ்நாடு.

நாட்டு நலன் பற்றிப் பேச்சாளர்கள் மதியம் வரை பேசினார்கள். இந்தக் கருவிகளால் பாலில் கலப்படம் ஒழியும், மீன் கெட்டுப்போவதற்கு முன்பே தெரியும், சுரங்கத்தில் விஷவாயு பிடிபடும், எல்லையில் பகைவன் பிடிபடுவான். ஒருவர் பேசியதை அடுத்தவர் மறுபடி பேசியதால் பகைவன் பல முறை பிடிபட்டான். இவ்வளவு நலனையும் ஒரே நாளில் பெற்றுக்கொண்ட நாட்டை நினைத்து எனக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது.

செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட புரவலர் மேடையில் நடு நாற்காலியில் இருந்தார். குங்குமம், ஊதுபத்தி, கற்பூரம் தயாரிக்கும் தொழிலதிபர். நல்ல மனிதர், வாய் நிறையப் பேசுவார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலை அவருடையது. சட்டைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து, விரல் நுனியைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவினார். இதுவும் உயிருணரிதான் மேடம் என்று எனக்கு விளக்கினார். எண் வந்தது. அதைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு மிஷினைப் பைக்குள் போட்டார். பிறகு ஜாங்கிரி வைத்துக்கொண்டு வந்தவரை நிறுத்தி, ரெண்டா வைங்க என்றார்.

மதியம்தான் அகிலா மேடைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், பருத்திப் புடவை, தோளில் ஒரு பை. அந்தக் கல்லூரியில் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆராய்ச்சியாளர். தர்பூசணி விதையிலிருந்து ஒரு நொதியை எடுத்து, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கருவி செய்திருந்தாள். தண்ணீரில் ஈயம் கலந்திருந்தால் அந்த நொதி வேலை செய்யாமல் நின்றுவிடும். நின்றால் சிவப்பு விளக்கு, நிற்காவிட்டால் பச்சை. குடும்பத்தோடு இருப்பது கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் என்பதால் நொதிக்கும் வேலைநிறுத்தம் பழகிவிட்டது என்று அவளே சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். டெல்லிக் குழுவுக்கு அந்தச் சிரிப்பைப் புரியவைக்க நான் கைலாசபுரத்துத் தொழிற்சாலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அவளுக்கு அந்த அங்கீகாரம் ஏன் வேண்டும் என்று காபி இடைவேளையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். முசிறி தாண்டி அவள் அக்கா வாழும் ஊரில் ஒரு கொட்டகை, அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிறார்கள். அடுத்த காம்பவுண்டு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்து போர்வெல் தண்ணீரை இவள் கருவியில் வைத்தாள், சிவப்பு எரிந்தது. மனு கொடுத்தாள். அங்கீகாரம் இல்லாத கருவி காட்டுவதையெல்லாம் ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழு தலையசைத்தால் கருவிக்கு அங்கீகாரம், இவளுக்கும் வேலை நீட்டிப்பு. இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு இரண்டும் முடிந்தது. அக்கா பிள்ளைகள் இரண்டும் அந்தப் பள்ளியில்தான் படிக்கின்றன.

செயல்விளக்கம் எளிமையானது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காலையில் மொண்டுவந்த காவிரித் தண்ணீருக்குப் பச்சை எரிய வேண்டும், ஈயம் கலந்த தண்ணீருக்குச் சிவப்பு. அகிலா காவிரியைக் கண்ணாடி ஜாடியில் கொண்டுவந்திருந்தாள். போட்டோவுக்கு எடுக்காது என்று ஒருங்கிணைப்பாளர் அதைப் பித்தளைச் சொம்புக்கு மாற்றினார். புரவலர் எழுந்து வந்து பார்த்தார். காவிரியம்மாவை வெறும் கழுத்தோடு வைக்கலாமா என்றார். சொம்புக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. அதோடு நிற்கவில்லை. ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் இடுவது போலத் தன் கம்பெனிக் குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரிலும் போட்டுக் கும்பிட்டார். பெண்கள் பலர் தாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அகிலா அந்த நேரம் குனிந்து ஒயரை மாட்டிக்கொண்டிருந்தாள். இது தப்பு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தோன்றவில்லை, பார்க்க லட்சணமாக இருந்தது.

காவிரிக்குச் சிவப்பு எரிந்தது.

பின்வரிசையிலிருந்து மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவர் எழுந்தார். “அப்ப இத்தன வருஷமா ஈயத்தத்தான் வயலுக்குப் பாச்சுறோமாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மொழிபெயர்த்தேன். குழுத் தலைவர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அகிலா மறுபடி வைத்துப் பார்த்தாள், மறுபடி சிவப்பு. மிஷினுக்குக் கண் பட்டிருக்கும் என்றார் புரவலர். சொன்னதோடு நிற்காமல் எலுமிச்சம்பழம் வரவழைத்துச் சுற்றியும் போடச் செய்தார். உயிருணரி ஆராய்ச்சியில் எலுமிச்சம்பழத்தின் பங்கு பற்றி யாரும் கட்டுரை எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

இறுதி வாய்ப்பு மூன்றாம் நாள் என்று குழு சொல்லிவிட்டது.

இரண்டாம் நாள் எனக்கு ஸ்ரீரங்கம் பார்க்க விடுமுறை. அகிலாவும் வந்தாள், அவளுக்கு அம்மா மண்டபத்தில் தண்ணீர் வேண்டும். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனோம். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றது, நின்றதும் டிரைவர் இறங்கினார். பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது, அந்த டிரைவரும் இறங்கி வந்தார். இருவரும் எஞ்சினைப் பார்த்துவிட்டு யார் யார் வீட்டில் விசேஷம் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் பஸ் நின்றால் பயணிகள் கைபேசியில் புகார் எழுதுவார்கள். இங்கே எல்லோரும் இறங்கிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கண்டக்டர் கூப்பிட்டபோது ஏறுவதற்கு யாருக்கும் அவசரம் இல்லை.

படித்துறையில் அகிலா பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதை, திருமண் இட்ட ஒரு மாமா கவனித்துக்கொண்டிருந்தார். ஈர வேட்டியைப் பிழிந்தபடியே எதற்கு என்று விசாரித்தார். பரிசோதனைக்கு என்றாள்.

“தீர்த்தத்துக்குப் பரீட்சை வச்சு நாம என்ன மார்க் போடப் போறோம், சொல்லுங்கோ.”

இப்படிச் சொல்லிவிட்டு அதே துறையில் அவர் சோப்பு போட்டுத் துணி துவைக்க ஆரம்பித்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அகிலா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சாயங்காலம் கைலாசபுரத்தில் அவள் வீடு. அகலமான சாலைகள், ஒரே மாதிரி வீடுகள், வரிசை தப்பாத மரங்கள். ஈப்போவில் நான் வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் போலவே இருந்தது, கொசு உள்பட. கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். அடை சுட்டுப் போட்டாள், வெல்லமும் வெண்ணெயும் தொட்டுக்கொள்ள. இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நாலு சாப்பிட்டேன். பிறகு அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டுக் கருவியை வைத்தாள்.

வெறும் காவிரி, பச்சை. அதே பித்தளைச் சொம்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதில் ஊற்றி வைத்த தண்ணீருக்கும் பச்சை. என் பையில் ஸ்ரீரங்கத்தில் வாங்கிய குங்குமம் இருந்தது, மஞ்சளில் செய்தது என்று கடைக்காரர் சொன்னது. அதில் ஒரு சிட்டிகை போட்டோம், பச்சைதான். கடைசியாக, சொம்போடு அவள் கொண்டுவந்திருந்த, நேற்று மேடையில் பிரித்த குங்குமப் பாக்கெட். அதற்குச் சிவப்பு. மறுபடி தண்ணீர் மாற்றி மறுபடி வைத்தோம், மறுபடி சிவப்பு. நிறம் தூக்கலாக இருக்கச் சிலர் ஈயச் செந்தூரம் கலப்பார்கள் என்றாள் அகிலா. அவள் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். கருவி தப்பே செய்யவில்லை. நேற்று அந்த மேடையில் உண்மை பேசியது அது ஒன்றுதான்.

சந்தோஷத்தில் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டாள். கைகள் ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் முழுவதையும் கேட்டார். அவசரப்படவில்லை, அதட்டவும் இல்லை. யார் செலவில் மேடை போட்டிருக்கிறோம் என்பதை மட்டும் நினைவுபடுத்தினார்.

“கருவிய கொஞ்சம் எறக்கி வச்சுக்கங்கம்மா. நாளைக்கு அவர் குங்குமம் போடுவாரு, பச்சை எரியணும். எரிஞ்சா உங்க அங்கீகாரத்துக்கு நான் கேரண்டி.”

“எறக்குனா ஸ்கூல் தண்ணிக்கும் பச்சைதான் சார் எரியும்.”

“ஸ்கூல அப்புறம் பாத்துக்கலாம்மா.”

அவள் போனை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். ரொம்ப நேரம் ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கீகாரம் வேண்டுமென்றால் கருவியை மந்தமாக்க வேண்டும், மந்தமான கருவியால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிரயோஜனம் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வேலை போகப்போவது எனக்கில்லையே. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்றாம் நாள் மண்டபத்தில் முன்னைவிடக் கூட்டம். காவிரிக்குச் சிவப்பு எரிந்த சேதி ஊருக்குள் போயிருந்தது. அதே சொம்பு, புது மல்லிகை. அகிலா முதலில் வெறும் தண்ணீரை வைத்தாள். பச்சை. கைதட்டினார்கள், மண்ணச்சநல்லூர்க்காரர் எல்லோரையும் விட அதிகமாகத் தட்டினார். ஒருங்கிணைப்பாளர் புரவலரைப் பார்த்துத் தலையசைத்தார். புரவலர் எழுந்து வந்து, விரல் நிறைய எடுத்துப் போட்டு, கும்பிட்டார். அவர் முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. தன் குங்குமத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாதோ, தெரிந்துகொள்ள விருப்பம் இல்லையோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அகிலா கருவியை வைத்தாள். நான் விளக்கைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அவள் மூக்குக் கண்ணாடியில் சிவப்பு தெரிந்தது.

“முந்தாநாள் காட்டுனதும் சரி, இப்ப காட்டுறதும் சரி. காவிரில ஈயம் இல்லீங்க. இந்தக் குங்குமத்துலதான் இருக்கு.”

மைக் என் கையில் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று விரலை ஆட்டினார். அந்த மண்டபத்தில் டெல்லிக்காரர்களுக்கு இந்த வாக்கியம் போய்ச் சேர என்னைத் தவிர வேறு வழியில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு சொல்லையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ‘இந்தக் குங்குமம்’ என்ற இடத்தில் சொம்புக்குப் பக்கத்திலிருந்த பாக்கெட்டைக் கையால் காட்டவும் செய்தேன். மொழிபெயர்ப்பாளர் கையை ஆட்டிப் பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

குழு தலைகளைச் சேர்த்துக்கொண்டு பேசியது. குழுவில் ஒரு அம்மையார், வகிட்டில் நெற்றி வரை இழுத்த குங்குமம். தலைவர் எழுந்து அழகான ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது: கருவி வேலை செய்கிறது என்பதில் குழுவுக்கு ஐயமில்லை. ஆனால் இவ்வளவு நுட்பமான உணர்வு இன்றைய நிலையில் நாட்டுக்கு மிகை. இப்படிப்பட்ட கருவி ஊர் ஊராகப் போனால் தேவையில்லாத பீதி கிளம்பும், தொழில்கள் பாதிக்கும். உணர்வைக் குறைத்துக்கொண்டு வந்தால் இந்த மாதமே அங்கீகாரம், வேலை நீட்டிப்பும் உண்டு. நாட்டு நலனுக்காக மூன்று நாள் கூடிப் பேசியதில் கடைசியில் கிடைத்த நலன் இதுதான்.

அகிலா கருவியின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னாள்.

“கொறச்சுக்கறேங்க. எந்த ஊர்ப் புள்ளைங்க எவ்ளோ ஈயம் குடிக்கலாம்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அந்த அளவுக்கு வச்சுத் தர்றேன்.”

அதையும் சொன்னேன். தலைவர் கையில் பேனா இருந்தது, முன்னால் வெள்ளைத்தாளும் இருந்தது. அவர் மூடியைப் போட்டுப் பேனாவைப் பைக்குள் செருகிக்கொண்டார். அப்படியானால் குழு இதற்கு மேல் செய்வதற்கில்லை என்றார். புரவலர் எழுந்து, சாப்பாடு தயார், எல்லோரும் கை கழுவ வாங்க என்று அன்போடு அழைத்தார். அகிலாவின் வேலை இப்படித்தான் போயிற்று.

அவள் ஒயர்களைக் கழற்றிச் சுருட்டினாள். இன்றைக்கே அக்கா ஊருக்குப் போவதாகச் சொன்னாள். முசிறி பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டதற்கு, அடிக்கடி இருக்குங்க என்றாள். அக்காவிடம் நேரில் சொல்லி, பிள்ளைகளுக்குத் தண்ணீரை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்பச் சொல்ல வேண்டுமாம். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் பட்டுப் பாவாடை கட்டிய இரண்டு மாணவிகள் தட்டோடு நின்றார்கள். பன்னீர், சந்தனம், புரவலரின் குங்குமம். டெல்லிக் குழு முதலில் போனது. வகிட்டில் குங்குமம் வைத்த அம்மையார் தட்டின் முன் நின்று, சந்தனத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நகர்ந்தார். தலைவரும் சந்தனம் மட்டும். பின்னால் வந்த மற்றவர்களும், ஒருவர் விடாமல், சந்தனத்தை மட்டும் தொட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.